சமுத்திர ராஜனுக்கு அண்டை வீடு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதனுக்குச் சாதாரணமாக இரண்டு வியாதிகள் வருவதுண்டு. கடற்கரை ஊரில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு மிச்ச நாட்களை அங்கே கழிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது ஒன்று. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லக் கிளம்புவது மற்றொன்று. எனக்கு முதல் வியாதி வந்து, ஒரு வருஷ காலம் இருந்து, ஒருவாறு சொஸ்தமாயிற்று. அது காலி செய்த இடத்தில் இரண்டாவது வியாதி குடிவந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதன் விளைவுதான்.

சென்னையில் முப்பத்திரண்டு வருஷம் மூன்றாம் மாடியில் குடியிருந்தவன் நான். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். அதைத் திறந்தால் என் ஜன்னல். காற்று வருவதற்கு வழியே கிடையாது. எதிர் வீட்டுச் சண்டை மட்டும் தாராளமாக வரும். ஓய்வு பெற்ற அன்று கையில் வந்த பணத்தை எண்ணிப் பார்த்தபோது, "இனிமேல் கடற்காற்றுதான்" என்று தீர்மானம் செய்தேன். என் மனைவிக்கும் இதில் சம்மதம். அவளுடைய தாயார் பிறந்தது தில்லையாடி. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குச் சென்று, நோயுற்று, 1914-ஆம் வருஷம் பதினாறாவது வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெயரோடு சேர்த்துத்தான் அந்த ஊரின் பெயரையே நாம் சொல்கிறோம். காந்தி மகாத்மா 1915-ல் அங்கே வந்து போயிருக்கிறார். அத்தகைய ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தரங்கம்பாடிக் கடற்கரை. சிறு வயதில் அங்கே கிளிஞ்சல் பொறுக்கிய ஞாபகம் அவளுக்கு.

ஆகவே ஒரு தை மாதத்தில் இருவரும் புறப்பட்டோம்.

* * *

தை மாதத்துத் தரங்கம்பாடியைப் பார்த்தவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள். 1792-ல் கட்டிய பழைய நகர வாசலுக்குள் நுழைந்ததுமே மனிதன் தன் வசம் இழந்துவிடுகிறான். நேரான, அமைதியான வீதி. 1718-ல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். வீதி முடியும் இடத்தில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை. அதற்கு அப்பால் நீலக் கடல். மழைக்காலம் முடிந்து, வெயில் காலம் ஆரம்பிக்காத அந்த இடைவேளையில் கடல் மிகவும் சாதுவாக இருந்தது.

தரகர் எங்களை அழைத்துச் சென்ற வீடு ஊருக்குச் சற்று வெளியே, மணலை ஒட்டி இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக் கான்கிரீட் கட்டிடம். புதிதாக வெள்ளை வர்ணம் பூசியிருந்தார்கள். மாடித் தாழ்வாரத்தில் தரகர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

"சார், இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம். ஆயுசு பத்து வருஷம் கூடும்" என்றார்.

இந்த ஓசோன் கதையை அந்த ஊரில் பலரும் சொல்லுகிறார்கள். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால் நமக்கு நன்மை. தரையில் இறங்கி மூக்கில் ஏறினால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்கரையில் நம் மூக்குக்கு எட்டும் அந்த வாசனையை, கடலிலுள்ள நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஒரு கந்தகச் சேர்க்கை உண்டாக்குகிறது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது. கடலைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. நேயர்களே, வீடு வாங்கப் போகிறவனுக்கு வேறொன்றும் கண்ணில் படாத அந்த நிமிஷம்தான் மிகவும் அபாயமான நிமிஷம்.

"கிழக்கே அந்த மதில் வரைக்கும் நம்முடையதுதான் சார். பெங்களூரிலிருந்து ஒரு பார்ட்டி வருகிற வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்" என்றார் தரகர். என் கை சட்டைப் பையிலிருந்த காசோலைப் புத்தகத்துக்குப் போயிற்று.

அந்தச் சமயத்தில் என் மனைவியைக் காணோம். எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு வெளியே மணலில் ஒரு கிழவி மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே குந்திக்கொண்டு இவள் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் என்னைத் தனியே அழைத்து, "இன்றைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"அந்தப் பாட்டி, 'வீடு வாங்கறதுன்னா ஐப்பசியில வந்து பாரும்மா' என்கிறாள்."

"கருவாடு விற்கிற கிழவி சொன்னாளென்று இந்த வீட்டை விடச் சொல்கிறாயா?" என்று நான் கோபித்துக்கொண்டேன்.

"விடச் சொல்லவில்லை. ஐப்பசி வரைக்கும் பொறுக்கச் சொல்கிறேன். பணம் முப்பத்திரண்டு வருஷத்துப் பணம், ஒன்பது மாதம் பொறுத்தால் அது அழுகிப் போய்விடாது" என்றாள் அவள்.

பெங்களூர்க்காரர்களை மனத்துக்குள் சபித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். பிற்பாடு தெரிந்தது, அந்தப் பெங்களூர்க்காரர்கள் எல்லாக் கடற்கரை ஊர்களிலும், எல்லா வெள்ளிக்கிழமைகளிலும், முன்பணத்தோடு தயாராக இருக்கிறார்கள் என்று.

* * *

ஐப்பசி வரையில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சித்திரை மாதத்துக் கத்தரி வெயிலில் ஒரு தடவை போனேன். கிணற்றைப் பார்க்க வேண்டுமானால் அதுதான் சமயம். மார்கழியில் எந்தக் கிணறும் இனிக்கும்.

தை மாதத்தில் நான் குடித்து, "ஆஹா!" என்று சொன்ன அதே தண்ணீர், இப்போது நாக்கில் பட்டதும் கரித்தது. சோப்பு நுரைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று சொன்னாள். "இன்னும் நூறு அடி ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் சார்" என்று தரகர் தைரியம் சொன்னார். கடலோரத்தில் இதைப் போன்ற தவறான யோசனை வேறில்லை.

காரணம் சுலபமானது. கடற்கரை மணலுக்குக் கீழே மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றன. நல்ல தண்ணீர் லேசானது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனமானது. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்துக்குள்ளேயே கைபன் என்ற டச்சுக்காரரும், ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது உப்புத் தண்ணீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே அந்த 1 அடியை நாம் யந்திரம் வைத்து இறைத்துவிட்டால், காலக்கிரமத்தில் கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே ஏறிவிடும். ஆழமாகத் தோண்டுகிறவன் உப்பைத் தேடிக்கொண்டே போகிறான். நம் முன்னோர்கள் கடலோரத்தில் ஆழமில்லாத அகலக் கிணறு வெட்டி, கயிறும் வாளியுமாக இறைத்ததில் அர்த்தம் இருந்தது.

ஆகவே கோடையில் ஒரு சீசா தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கு. நான் கொடுத்த தண்ணீர் இரண்டாவது எல்லையையும் தாண்டியிருந்தது.

அதே பிரயாணத்தில் பத்திரங்களையும் கவனித்தேன். நண்பரான வக்கீல் ஒருவர் எனக்குப் பாடம் சொல்லி அனுப்பியிருந்தார். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகலைக் காட்டி, "அசல் பெட்டியில் இருக்கிறது" என்றால், அது எந்தப் பெட்டி, யாருடைய பெட்டி என்று கேட்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் குறைந்தது முப்பது வருஷத்துக்கு எடுக்க வேண்டும். அதிலும் பதிவான வில்லங்கம்தான் தெரியும், பதிவாகாத வில்லங்கத்தை அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஊர்களில் கட்டிடம் ஒருவருடையதாகவும், அடிமனை கோயிலுடையதாகவோ வேறு தர்ம ஸ்தாபனத்துடையதாகவோ இருப்பது சகஜம். அப்படிப்பட்ட இடத்தில் நாம் வாங்குவது சுவர்களை மட்டும்தான். வீட்டு வரி ரசீதும் மின்சார இணைப்பும் இருப்பதால் மட்டும் கட்டிடம் முறையானது என்று ஏற்பட்டுவிடாது.

இவ்வளவையும் விட முக்கியமானது புலப்படம். வக்கீல் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தார். புலப்படத்தை வைத்துக்கொண்டு சர்வேயரைக் கொண்டு அளந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. தரகர் "நம்முடையது" என்று காட்டிய கிழக்கு மதில் பட்டா நிலத்தில் இல்லை. வீட்டின் எல்லை அதற்கு நாற்பது அடி முன்னாலேயே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் புறம்போக்கு. மீன்பிடி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வலை காயப்போட்டு, படகு இழுத்து வைத்து, மீன் உலர்த்தி வந்த இடம். யாரோ ஒரு மதிலைக் கட்டி, அவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கிழவி மதிலுக்கு அந்தண்டை உட்கார்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தை மாதத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நான் அனுபவித்த காட்சியின் நடுவில் அந்தப் பாட்டியின் களம் இருந்திருக்கிறது.

கடலோரக் கட்டிடங்களுக்குத் தனிச் சட்டமும் உண்டு. 1991-ல் முதன்முதலாக இந்திய சர்க்கார் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளைப் பிறப்பித்தார்கள். 2011-லும் 2019-லும் அவை திருத்தி எழுதப்பட்டன. ஏற்றத்தின்போது கடல் வந்து தொடும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதிகளின் பார்வையில் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஜன நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதிகளில் 50 மீட்டர் வரையிலும், மற்றக் கிராமப் பகுதிகளில் 200 மீட்டர் வரையிலும் பொதுவாகப் புதுக் கட்டிடம் எழுப்பக் கூடாது. நகரப் பகுதிகளில், ஏற்கனவே இருக்கும் சாலைக்கோ கட்டிடத்துக்கோ நிலப் பக்கமாகத்தான் கட்டலாம். வாங்க நினைக்கும் இடம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதைக் கடற்கரை மண்டல வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுப்பவன், இடித்துக் கட்டவோ மாடி எழுப்பவோ முடியாத வீட்டை விலைக்கு வாங்க நேரலாம்.

* * *

ஐப்பசியும் வந்தது. இந்தத் தடவை துணைக்குத் தில்லையாடியிலிருந்து ஒரு வயதான கொத்தனாரை என் மனைவி கூட்டி வந்திருந்தாள். தரகர் வரவில்லை. "மழையாயிருக்கிறதே சார்" என்று சாவியை மட்டும் அனுப்பினார்.

தை மாதத்தில் தாலாட்டிய கடல், இப்போது உறுமிக்கொண்டிருந்தது. வாடைக் காற்று முகத்தில் மணலை அள்ளி எறிந்தது. கதவு மழையில் உப்பித் திறக்க மறுத்தது. உள்ளே நுழைந்தால், புது வெள்ளை வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. மின்விசிறியில் துரு. கொத்தனார் ஒன்றும் பேசாமல் ஒரு மரக்கொட்டாப்புளியை எடுத்துக் கூரையை அங்கங்கே தட்டிக்கொண்டு போனார். சில இடத்தில் "டங்" என்றது. சில இடத்தில் "டொப்" என்றது. ஒரு "டொப்"பில் சற்று ஓங்கித் தட்டினார். ஒரு தட்டு அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி, கம்பியாக இல்லை. புற்றுமண் போல உதிர்ந்தது.

"உப்புங்க. இது வீட்டுக்கு வர்ற சர்க்கரை வியாதி மாதிரி. வெளியில தெரியாது, எலும்பைத் தின்னுடும்" என்றார் கொத்தனார்.

அவர் சொன்னது சாஸ்திரத்துக்கும் பொருத்தமானதே. கடற்காற்றிலுள்ள உப்பு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் ஊறி, இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவுக்கு இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளேயிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. பிளந்த வழியாக இன்னும் உப்பு உள்ளே போகிறது. இதற்காகத்தான் இந்தியக் கட்டிட விதிகள், கடலோரத்தில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட்டம் வேண்டும் என்றும், அலைத் திவலை நேரே படும் இடத்தில் 50 வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றன. விழுந்த வில்லையைக் கொத்தனார் அளந்து காட்டினார். விரல்கடை கூட இல்லை. இதைச் சரிப்படுத்த எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "வாங்கற விலையில பாதி வைச்சுக்குங்க, அப்புறமும் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

மழை சற்று ஓய்ந்ததும் வெளியே வந்தோம். கிழவி இருந்தாள். மீன் இல்லை; அலை எதுவரை வருகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றாள். என் மனைவியை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள்.

"வந்துட்டியா தாயி! பாத்தியா?"

"பார்த்தோம் பாட்டி" என்றேன் நான்.

அவள் அந்த வீட்டின் கீழ் ஜன்னலைக் கைகாட்டினாள். "அந்த ஜன்னலு மேல்கட்டை வரைக்கும் தண்ணிங்க ஐயா. அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. இந்த எடத்துலதான் எங்க வூடு இருந்திச்சு." சற்று நிறுத்தி, "எங்க வூட்டுல ரெண்டு பேரு" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி. இந்த ஊர் அப்போது நாகப்பட்டினம் ஜில்லாவில் இருந்தது. 2020-ல்தான் மயிலாடுதுறை தனி ஜில்லா ஆயிற்று. தமிழ் நாட்டில் அன்று மாண்ட சுமார் 8,000 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் அந்த ஒரு ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். பிறகு கரையோரத்தில் குடியிருந்த மீனவர்களுக்குச் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பாட்டியும் அப்படி உள்ளே போனவள். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் கடலிலிருந்து விலகிப் போய் உறங்குகிறார்கள். பென்ஷன் வாங்குகிற நான், அவர்கள் காலி செய்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாயிருந்தது.

"கடலைப் பாக்கணும்னா நடந்து வந்து பாருங்க ஐயா. அதை ஏன் படுக்கைக்குப் பக்கத்துல கூப்பிடுறீங்க?" என்றாள் பாட்டி.

ஒரு வருஷ காலம் வக்கீலும், சர்வேயரும், கொத்தனாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது.

சமுத்திர ராஜன் நமக்கு அண்டை வீட்டுக்காரராக இருக்கச் சம்மதிப்பார். ஆனால் அவர் எல்லைக் கல்லை மதிக்கிறவர் அல்லர். அந்த ஊரிலேயே மாசிலாமணி நாதர் கோயில் அதற்குச் சாட்சி. குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த ஆலயம். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயலும் கடலும் அழித்த கதையைப் பெரியவர்கள் அறிவார்கள். 2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய கஜா புயல் எத்தனை கூரைகளைக் கொண்டுபோயிற்று என்பதை நாமே பார்த்தோம்.

புயல் இல்லாமலேயும் கரை நகரும். நம் கீழைக் கடற்கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கேயிருந்து வடக்கே போகிறது. குறுக்கே துறைமுகச் சுவர் ஒன்று எழுந்தால், தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துப் பக்கம் கடல் உள்ளே வந்தது. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவருக்குப் பின் நகரத்தின் மணற்கரை மறைந்தது. ஆகவே எந்தக் கடற்கரை ஊரானாலும், "துறைமுகம் எந்தத் திசையில் இருக்கிறது? இருபது வருஷத்துக்கு முன் மணல் எதுவரை இருந்தது?" என்று கேளுங்கள். தரகரைக் கேட்பதில் பிரயோஜனமில்லை. வலை பின்னுகிற கிழவரைக் கேளுங்கள்.

* * *

அந்த வெள்ளை வீட்டை நாங்கள் வாங்கவில்லை. ஆனால் தரங்கம்பாடிப் பக்கத்தை விடவும் மனம் வரவில்லை. கடலிலிருந்து உள்ளே, கால் மணி நேரம் நடக்கிற தூரத்தில், சற்று மேடான தெருவில் பழைய ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது, தேக்கு உத்தரம். இரும்பே இல்லாத வீட்டில் துருப்பிடிக்க என்ன இருக்கிறது? கிணற்றைச் சித்திரையில் பார்த்தோம், தேறிற்று. கூரையை ஐப்பசியில் பார்த்தோம்; இரண்டு இடத்தில் ஒழுகிற்று, மாற்றினோம்.

பத்திரம் எழுதுவதற்கு முன் ஒரு தடங்கல் வந்தது. அந்த வீட்டை விட்டுப் போன பெரியவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது, உயில் எழுதவில்லை. மகன்மார் இருவரும் கையெழுத்துக்குத் தயார். வம்சாவளியைப் பார்த்தபோது ஒரு மகளும் இருந்தாள். "அவளுக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம் சார்" என்றார்கள். 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு உண்டு. கல்யாணத்தில் நகை போட்டதனால் அது கரைந்துபோகாது. வக்கீல் சட்டத்துக்காகச் சொன்னார். என் மனைவி வேறு காரணம் சொன்னாள்: "ஒரு பெண் பிறந்து வளர்ந்த வீட்டை, அவளுக்குத் தெரியாமல் வாங்கி அதில் நாம் விளக்கேற்றக் கூடாது."

இரண்டு மாதம் தாமதமாயிற்று. அந்த அம்மாள் வந்தாள். தன் பங்கைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பிறகு கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கால் கழுவிக்கொண்டு, "நன்றாயிருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதிவுச் செலவுக்கெல்லாம் மேலாக எனக்கு அந்த வார்த்தை கிடைத்தது.

இங்கேயும் உப்பு இல்லாமல் இல்லை. கடற்காற்று கால் மணி நேர தூரத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. நடுக்கூடத்துச் சுவரில் ஒரு பகுதியை முன்பிருந்தவர்கள் சிமிட்டியால் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். அதன்மேல் சிமிட்டியைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். வருஷா வருஷம் அந்த இடத்தில் வெள்ளையாக உப்பு விளைகிறது. "1930-ல் இதே கடற்கரையில், வேதாரண்யத்தில், ராஜாஜியும் அவருடன் போனவர்களும் ஒரு பிடி உப்புக்காகச் சிறை சென்றார்கள். நம் வீட்டில் வரியும் இல்லை, தடியடியும் இல்லை. சுவரிலேயே தாராளமாகக் கிடைக்கிறது!" என்று நான் என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த மாதமே அவள் கொத்தனாரை வரவழைத்துச் சிமிட்டியைக் கொத்தி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பு பூசச் செய்தாள். தேசபக்தியையும் சுவரையும் ஒன்றாகக் குழப்பக் கூடாதாம்! தாழ்ப்பாள், கீல்களையெல்லாம் பித்தளையாக மாற்றியதும் அவள்தான். எவர்சில்வர்தான் வேண்டுமென்பவர்கள் 316 என்ற ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரகம் இங்கே புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிடும்.

எங்கள் ஜன்னலிலிருந்து கடல் தெரியாது. இரவு எல்லா ஓசையும் அடங்கிய பிறகு, கவனித்துக் கேட்டால் மெல்லக் கேட்கும். அது போதும் என்று தோன்றுகிறது. சாயங்காலம் இருவரும் நடந்து போகிறோம். பாட்டி இருந்தால் அவள் பக்கத்தில் மணலில் உட்காருகிறோம். அந்த வெள்ளை வீடு பூட்டியே கிடக்கிறது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அதன் வாசலில் ஒரு கார் நின்றது. என்னைப் போலவே ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர் மாடித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மதிலோரமாக நடந்து வந்து, உலர்த்தியிருந்த மீனைப் பார்த்து நின்றாள். பாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"வூடு வாங்க வந்திருக்கியா தாயி? ஐப்பசியில ஒரு தடவை வந்து பாரு" என்றாள்.